சாயங்கால வாளி

ஒரு மருந்து அறையின் யோக்கியதை காலையில் தெரியாது. காலையில் எல்லா அறையும் சுத்தமாகத்தான் இருக்கும். தரையில் ஈரத்துணித் தடம் காயாமல் கிடக்கும், வாசல் செம்புத் தகடு துடைத்த பளபளப்போடு இருக்கும், சாமி படத்தில் புதுப் பூ இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மூலையில் இருக்கிற மீதி வாளியை எட்டிப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கலந்ததில் எவ்வளவு மருந்து மத்தாப்பாகாமல், சக்கரமாகாமல் அதில் வந்து விழுந்திருக்கிறதோ, அதுதான் அந்தப் போர்மேனுக்கு மதிப்பெண். வாளி நிறைந்தால் அவன் தோற்றான்.

வெம்பக்கோட்டைப் பகுதிப் பட்டாசு ஆலைகளில் எனக்கு 27 வருஷம் ஆகிறது. முதலில் சல்லடைக்காரனுக்கு எடுபிடி, பிறகு கலவைக்காரன், பிறகு பரீட்சை எழுதிப் போர்மேன். இப்போது கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் மூன்றுக்கும் மருந்து என் பொறுப்பு. கல்யாண வீடுகளில் யாராவது, “பசுமைப் பட்டாசு பண்றீகளாமே, அது எப்படி அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். நாக்பூர் விஞ்ஞானிகளில் ஆரம்பித்து எப்படியும் வாளியில் வந்து நிற்பேன். கேட்டவர் பந்திக்கு நழுவிவிடுவார். இங்கே நழுவ வழியில்லாத வாசகர்கள் கிடைத்திருக்கிறீர்கள்.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம். கரிசல் காடு. வைப்பாறு ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆறு இருக்கிறது, ஓடுகிறதா என்பது ஐப்பசி, கார்த்திகையைப் பொறுத்தது. மழை குறைவு, வெயில் மிச்சம். 1922-ல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியதையும், 1940 வாக்கில் பட்டாசு ஆலைகள் கிளம்பியதையும் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் இருவருக்கும் மூன்றாவது கூட்டாளி ஒருவர் இருந்தார். அவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. வறண்ட காற்று. தீக்குச்சி காய, பசை ஒட்டின குழாய் காய, மருந்தில் முக்கின கம்பி காய, எல்லாவற்றுக்கும் மேடையில் பரப்பி வைத்தால் போதும். ஒரு யூனிட் மின்சாரம் இல்லாமல், பெரும்பாலும் விறகும் எரிக்காமல், எண்பது வருஷமாக இந்தத் தொழில் வெயிலில் காய்ந்து வந்திருக்கிறது. சூரிய சக்தி என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, மானியமும் கேட்கவில்லை.

காகிதமும் அப்படித்தான். பக்கத்திலேயே அச்சகங்கள் இருப்பதால் வெட்டுக் கழிவும் பழைய நோட்டும் செய்தித்தாளும் வெடிக்குள் போயின. சின்ன வயதில் வெடிக்காத வெடியைப் பிரித்தால் யாரோ ஒரு பையனின் கணக்குப் பாடம் வரும். மறுசுழற்சி என்ற வார்த்தை எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆகவே சுற்றுச்சூழலுக்கு நாங்கள் எதிரி என்று 2018-ல் நாடு முழுக்கப் பேசியபோது எங்கள் ஆட்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கும் வந்தது. 2015-ல் டெல்லியில் அர்ஜுன் கோபால் என்ற குழந்தையின் பெயரிலும் இன்னும் இரண்டு கைக்குழந்தைகளின் பெயரிலும் அவர்களுடைய தகப்பன்மார் போட்ட வழக்கு அது. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு நம்மோடு என்ன பகை என்று டீக்கடையில் கேலி பேசினோம். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு குறைந்த ரகங்கள் மட்டுமே செய்யலாம், பேரியம் உப்புகள் கூடாது, சரவெடி கூடாது. நவம்பரில் ஆலைகளைப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் திறக்கவில்லை. சரம் பின்னுவதே பிழைப்பாக இருந்த பெண்கள் நூறுநாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். என் தங்கச்சி அவர்களில் ஒருத்தி. பசுமையைப் பற்றி யார் எழுதினாலும் அந்த வரியை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி.

கோபம் எப்போது இறங்கியது என்றால், பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில். வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது என் இருமல் நின்றுவிட்டது. இருபது வருஷ இருமல். புகை வெடிக்கிற இடத்தில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். டெல்லிக் குழந்தைக்கு ஒரு வாரம் வருகிற தூசு எங்களுக்கு வருஷம் முழுக்க வந்துகொண்டிருந்திருக்கிறது.

இனி பச்சை உப்புக்கு வருகிறேன். பேரியம் நைட்ரேட்டுக்கு இங்கே அதுதான் பெயர். எரியும்போது பச்சை நிறம் தரும். ஆனால் மருந்துக்காரன் அதை நேசித்தது நிறத்துக்காக மட்டும் இல்லை. அது ஈரத்தைச் சட்டை செய்யாது. மழைக்காலத்தில் மூட்டையைத் திறந்தாலும் பொலபொலவென்று உதிரும். கம்பியில் ஏறின மருந்து வருஷம் கழித்தும் அப்படியே எரியும். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி. கேடு என்னவென்றால், தண்ணீரில் கரைகிற பேரியம் உடம்புக்கு விஷம். ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் எடுக்கக் குடிக்கக் கொடுக்கிற பேரியம் வேறு, அது கரையாத உப்பு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று எங்கள் ஆட்களில் சிலர் இதை வைத்தே வாதாடினார்கள். மருந்துக்காரனே அப்படிப் பேசினால் யாரிடம் போய்ச் சொல்ல.

தடை வந்தபின் கம்பி மத்தாப்புக்குப் பலரும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டுக்கு மாறினார்கள். விலை கூடுதல். அதைவிடப் பெரிய தொந்தரவு, அது ஈரத்தை இழுக்கும். நாக்பூரில் இருக்கிற நீரி நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகைச் சூத்திரங்களைக் கொண்டுவந்தது. முதல் இரண்டில் வெடியுப்பும் கந்தகமும் கிடையாது. மூன்றாவதில் அலுமினியம் குறைவு. ஸ்வாஸ் வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அமுக்குவதால் எங்கள் அறையில் அதற்குத் ‘தண்ணி மருந்து’ என்று பெயராகிவிட்டது. 2019 அக்டோபரில் டெல்லியில் இவற்றை முறையாக வெளியிட்டார்கள். பெட்டியில் பச்சை முத்திரையும் கியூஆர் கோடும் வந்தன. சிவகாசியிலேயே மூலப்பொருள் பரிசோதனைக்கூடம் வந்தது. பழைய ரகத்தோடு ஒப்பிட்டால் துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் இறங்க வேண்டும் என்பது அளவுகோல். முப்பது குறைந்தால் எழுபது இருக்கிறது என்று அர்த்தம். மேடையில் பேசுகிறவர்கள் முப்பதைச் சொல்வார்கள்; மருந்து அறையில் நிற்கிறவன் எழுபதையும் எண்ண வேண்டும்.

சூத்திரம் தாளில் வந்து சேர்ந்தது. அதோடு ஒரு புது எதிரியும் வந்து சேர்ந்தது, ஈரம். வறண்ட காற்றை நம்பி வளர்ந்த தொழில், ஈரத்தைத் தேடிப் பிடிக்கிற உப்பை வைத்துக்கொண்டு முழித்தது.

ஈரமான மருந்து எரியாது, அவ்வளவுதானே என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் தண்ணீரோடு ஒன்றாக இருந்தால், சமயத்தில் தானாகச் சூடேறும். அம்மோனியா வாடை வரும். சூடு கூடக் கூட வேகம் கூடும். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே மூக்கால் படித்தேன். கலவைக்காரனாகச் சேர்ந்த இரண்டாவது வருஷம், வேறொரு ஆலை. பெயர் வேண்டாம். முந்தின நாள் மீந்த மத்தாப்புக் கூழைக் கொட்ட மனசில்லாமல் டிரம்மில் ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார்கள். காலையில் சாக்கைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டு, “அண்ணே, வெதுவெதுன்னு இருக்கு” என்றான். வாடை கண்ணைக் கரித்தது. கூழ் புளித்த மாவு போல உப்பியிருந்தது. பெரிய போர்மேன் வந்தார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஒருத்தரும் தொடாதீக. செருப்பைத் தேடாதீக. கேட்டுக்கு வெளிய போங்க” என்றார். சத்தம் போடவே இல்லை. நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து அந்த அறை ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி தீப்பற்றியது. ஓடு சிதறியது. ஆள் சேதம் இல்லை. அவர் பீடி பற்றவைக்கக் கை நடுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆள் சேதம் இல்லாமல் முடிந்ததால் நான் அதை இன்று கதை மாதிரி சொல்ல முடிகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் போனவர்கள் கிட்டத்தட்ட நாற்பது பேர். 2024 பிப்ரவரி 17-ல் எங்கள் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ராமுத்தேவன்பட்டியில் பத்துப் பேர். அந்த விபத்துகளின் காரணம் எதுவென்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எங்கள் தொழிலில் ஆளைக் காப்பாற்றுவதும் மண்ணைக் காப்பாற்றுவதும் தனித்தனி வேலை என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டும் அந்த வாளியில்தான் இருக்கிறது. மீந்த மருந்து ராத்திரியில் ஆபத்து; காலையில் குழியில் போட்டு எரித்தால் புகை; தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கிணற்றுக்குக் கேடு. மீதியே இல்லாமல் செய்துவிட்டால் மூன்றும் இல்லை. நாக்பூர்க்காரர்கள் வெடிக்கிற நேரத்து மாசை முப்பது சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். வெடிக்காமலேயே வீணாகிற மருந்தின் மாசைக் குறைப்பது எங்கள் கையில் இருந்தது. அதற்கு எந்த முத்திரையும் கிடையாது.

மீதி ஏன் விழுகிறது? கலக்கும்போது எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பலகை முக்குவார்கள், காற்று எப்படி இருக்கும் என்று தெரியாததால். தெரியாத காரணத்தால் கையிருப்புக்குக் கூடுதலாகக் கலப்போம். ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்பதுதான் மருந்து அறையில் மிகவும் ஆபத்தான வாக்கியம்.

முதலில் காற்றைப் பிடித்தேன். இரண்டு கண்ணாடி வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் மல்துணி சுற்றி அதன் நுனி தண்ணீர்க் கிண்ணத்தில். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை, நூற்றாண்டுப் பழசு. ஆனால் மின்சாரம் வேண்டாம், பொறி வராது. கரண்ட் இல்லாத எங்கள் செட்டுகளுக்கு அதைவிட நவீனமான கருவி எனக்குத் தெரியவில்லை. காற்று வறண்டிருந்தால் ஈரத்துணி சீக்கிரம் காயும், அந்தக் குமிழ் குளிரும், இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகும். சித்திரை மத்தியானத்தில் பன்னிரண்டு, பதினாலு டிகிரி வித்தியாசம் காட்டும். ஐப்பசி மழை முடிந்த காலையில் இரண்டு டிகிரிகூட இருக்காது. வித்தியாசம் நாலுக்குக் கீழே போனால் ஸ்ட்ரான்சியம் மூட்டையைப் பிரிப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். முதலாளி முதலில் சிரித்தார். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது அந்தச் சட்டத்தைக் காட்டினேன், சிரிப்பு நின்றது. சண்டை போட்டார். அந்த வருஷம் பக்கத்து ஆலைகளில் நமத்துப்போன மத்தாப்புப் பெட்டிகள் லாரியில் திரும்பி வந்த பிறகுதான் சமாதானம் ஆனார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காற்று மிகவும் வறண்டாலும் எங்களுக்குக் கேடுதான். நிலைமின்சாரம் உடம்பில் ஏறும். நைலான் சேலை கட்டிய அக்கா ஒருத்தி கதவைத் தொட்டால் போதும், சுருக்கென்று ஒரு பொறி. அதனால்தான் வாசலில் செம்புத் தகடு, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பருத்தி உடுப்பு, தரையில் தண்ணீர் தெளிப்பு. காய்ந்தாலும் கேடு, நனைந்தாலும் கேடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. முன்பு போர்மேன்கள் அதைத் தோலால் உணர்ந்தார்கள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மருந்தை வைத்து மூடித் திறந்து, “இன்னைக்கி வேண்டாம்” என்பார்கள். என் பெரிய போர்மேன் அதில் மன்னன். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. ஆகவே இரண்டு கண்ணாடிக் குழாய்.

அடுத்தது ஆள் கணக்கு. இதில் என் மகள் வந்தாள். கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தவள், என் நோட்டுகளை வாங்கிப் பார்த்து, “அப்பா, இதெல்லாம் வெச்சுக்கிட்டு ஏன் குத்துமதிப்பா கலக்குறீக?” என்றாள். இரண்டு வருஷத்து நோட்டைச் செல்போன் அட்டவணையில் ஏற்றினாள். கிழமை, வந்த ஆட்கள், முக்கின பலகைகள், இரண்டு வெப்பமானிகளின் வித்தியாசம், மீதி. முதல் மாதம் அந்த அட்டவணை சொன்ன அளவு எதுவும் சரியாக வரவில்லை. திடீரென்று ஒரு நாள் பாதிப் பெண்கள் வரவில்லை, வாளி நிறைந்தது. காலண்டரைப் பார்த்தால் முகூர்த்த நாள். பிறகு முகூர்த்தத்துக்கு ஒரு கட்டம், பங்குனிப் பொங்கலுக்கு ஒரு கட்டம், சுயஉதவிக் குழுத் தவணை கட்டுகிற நாளுக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். கணினி படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எங்களுக்கு இது ஊர் நடப்பைத் தெரிந்துகொண்ட ஒரு நோட்டு. போன் ஆலைக்குள் வராது, கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். காலை ஏழு மணிக்குக் கேட்டில் நின்று கணக்குப் பார்த்து, அளவைச் சிட்டையில் எழுதிக்கொண்டு உள்ளே போவேன். எடை போடுகிற அறை தனி; அங்கே மட்டும் தராசு. ஏழரைக்கு ஒரு கலவை, பத்தரைக்குள் இன்னொன்று. வெயில் ஏறிய பிறகு கலவை கிடையாது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பீஸ் ரேட் கூலி. எத்தனை பலகை முக்கினார்களோ அத்தனைக்குக் காசு. நான் அளந்து கலந்தால் மூணு மணிக்கு மருந்து தீரும். ஒரு மதினி, பத்து வருஷமாக எனக்குத் தெரிந்தவர், பலகையைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தார். “அண்ணாச்சி, ஒங்க வாளி சுத்தமா இருக்கு. ஏஞ் சோத்துப் பானையும் சுத்தமாயிருமே, பரவாயில்லையா?” என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மாதம் இழுபறி. என் கௌரவம் ஒரு பக்கம், அவர்களுடைய கூலி ஒரு பக்கம். கடைசியில் மருந்து தீர்ந்த பிறகு உள்ள நேரத்துக்கு நாள்கூலிக் கணக்கில் காகிதப் பெட்டி மடிக்கிற வேலை என்று முடிவானது. முதலாளி சம்மதித்ததற்குக் காரணம் இயற்கைப் பற்று இல்லை. வீணாகிற ஸ்ட்ரான்சியத்தின் விலையைக் கணக்குப்பிள்ளை எழுதிக் காட்டினார். எப்படியோ நடந்தது. கண்ணாடிக் குழாயும் செல்போன் அட்டவணையும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு கூலி ஒப்பந்தம் செய்தது. தொழில்நுட்பம் என்று பேசுகிற கூட்டங்களில் கூலியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மதினியைக் கூட்டிப் போக வேண்டும்.

முன்பு சாயங்காலம் ஒரு வாளி விழும். இப்போது ஒரு கிண்ணம். சில நாள் கிண்ணத்தின் அடி தெரியும். அந்த நாளில் நான் வீட்டுக்குப் போகிற வழியில் சேவு வாங்கிக்கொண்டு போவேன்.

வேறு சில சின்ன வேலைகளும் நடந்தன. காகிதக் குழாய்கள் மழைக்காலத்தில் காயாமல் பூஞ்சை பிடிக்கும். ஒரு வருஷம் விறகு மூட்டினார்கள். பட்டாசு ஆலையின் வாசலில் விறகடுப்பு! காங்கேயம் பக்கம் தேங்காய்ப் பருப்பு காயவைக்கப் பாலித்தீன் கூடாரம் போட்டிருப்பதை முதலாளியின் சம்பந்தி சொன்னார். அதே மாதிரி, மருந்துச் செட்டுகளுக்கு வெகுதூரத்தில், வெறும் குழாய்களுக்கு மட்டும் ஒன்று போட்டோம். மேகமூட்டத்திலும் உள்ளே சூடு நிற்கிறது. மருந்தேறிய எதையும் அதற்குள் வைக்கக் கூடாது என்று கதவில் சிவப்பில் எழுதியிருக்கிறது.

இடிக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது. புனேயில் இருக்கிற வெப்பமண்டல வானிலை நிறுவனம் கொண்டுவந்தது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழும் போலிருந்தால் முன்கூட்டியே சொல்லும். எங்கள் ஆலையில் அதைப் பார்ப்பவர் வாட்ச்மேன் தாத்தா, அவர் போன் மட்டும்தான் கேட்டில் விழித்திருக்கும். திரை சிவந்தால் தண்டவாளத் துண்டில் அடிப்பார். செயற்கைக்கோள் காலத்துச் செய்தி கடைசி நூறு மீட்டரைத் தண்டவாளத் துண்டின் ஓசையாகக் கடந்து எங்களிடம் வருகிறது. போட்டது போட்டபடி எழுந்து கேட்டுப் பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விடுவோம். அன்றைக்கு வாளி நிறையும். அந்த மீதிக்கு நான் வருத்தப்படுவதில்லை.

பசுமையில் ஒரு கோணலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரம் இழுக்கிற மத்தாப்பு கடையில் நமக்காமல் இருக்க ஒவ்வொரு பெட்டிக்கும் பிளாஸ்டிக் உறை போட ஆரம்பித்தார்கள். பச்சை உப்புக் காலத்தில் வெறும் அட்டைப்பெட்டி போதுமாக இருந்தது. காற்றுக்கு நல்லது செய்யப் போய் மண்ணுக்குப் பாலித்தீன் சேர்த்துவிட்டோம். மெழுகு பூசிய காகிதத்தில் இரண்டு தடவை முயன்றோம். ஒரு தடவை மெழுகு வெயிலில் இளகி ஒட்டிக்கொண்டது, இன்னொரு தடவை விலை கட்டவில்லை. இன்னும் விடவில்லை.

அலுமினியத் தூசு விஷயத்தில் இப்போது நிலைமை எவ்வளவோ மேல். முன்பு சலிக்கிற அறையிலிருந்து வருகிறவனை வெள்ளிக்கவசம் சாத்தின சாமி என்று கிண்டல் செய்வோம். தலைமுடி, இமை, காது மடல் எல்லாம் வெள்ளி. வீட்டுக்குப் போனால் கைப்பிள்ளை கன்னத்தில் அப்பனின் விரல்தடம் பளபளக்கும். இப்போது சல்லடையை மரப்பெட்டிக்குள் வைத்து மேலே தோல் மூடி போட்டாயிற்று, தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறோம். இரண்டும் தச்சர் வேலை, துணி வேலை. என் இருமல் திரும்பி வரவில்லை.

அந்தத் துணி அலசுகிற தண்ணீர், கைகால் கழுவுகிற தண்ணீர், கிண்ணத்தில் விழுகிற மீதியை ஊறவைக்கிற தண்ணீர், இவை மூன்றும் முன்பு கரிசலுக்குள் போயின. இப்போது அடியில் தார்ப்பாய் விரித்துச் சிமெண்ட் பூசிய அகலமான ஆழமில்லாத தொட்டி ஒன்றுக்குப் போகின்றன. வெயிலும் வறண்ட காற்றும் குடித்துவிடுகின்றன. மறுபடியும் அந்த மூன்றாவது கூட்டாளிதான்.

இரண்டு வருஷம் முன்பு மகள் என்னை விஜயகரிசல்குளத்துக்குக் கூட்டிப்போனாள். ஆலையிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிற மேடு. வைப்பாற்றின் கரை. ஆடு மேய்க்கப் போகிற இடமாகத்தான் எனக்கு அதைத் தெரியும். 2022-ல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. 2023, 2024 என்று தொடர்ந்து தோண்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சுடுமண் பொம்மைகள், பாசிமணிகள், தந்தத்தில் செய்த சின்னச் சாமான்கள். மகள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெட்டியின் முன்னால் நின்றுவிட்டேன். சங்கு வளையல்கள். முழு வளையல் அல்ல, பெரும்பாலும் துண்டுகள். அறுத்தபோது உடைந்தவை, வளையலாகத் தேறாதவை, சங்கின் கழித்த பாகங்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரம் சங்கைச் சுமந்து வந்து இங்கே ஒரு பட்டறை நடந்திருக்கிறது.

செய்து விற்ற வளையல்கள் எந்தெந்த ஊர்க் கைகளுக்கோ போய்விட்டன. பட்டறைக்காரனைப் பற்றி மண் வைத்திருந்த தகவல் முழுக்க அவனுடைய சாயங்கால வாளி. அறுப்பு எவ்வளவு நேர்த்தி என்று ஒரு துண்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம் போலிருந்தது. நல்ல வேலைக்காரன்தான். அவன் மீதி சுண்ணாம்பு, மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“என்னப்பா இங்கயே நிக்குறீக?” என்றாள் மகள்.

“மீதியப் பாக்கேன்” என்றேன்.

எங்கள் தொட்டியின் அடியில் வருஷா வருஷம் சித்திரை முடிவில் ஒரு வெள்ளை ஓடு படிகிறது. நைட்ரேட்டுகள், கொஞ்சம் அலுமினியம், கரிசல் தூசு, இன்னதென்று பிரிக்க முடியாத எல்லாம். ஈரம் தெளித்து, மரக்கரண்டியால் சுரண்டி, இரட்டைச் சாக்கில் கட்டி, தனியாகத் தகரக் கூரை போட்ட மூலையில் தேதி எழுதி வைக்கிறோம். கரிசலுக்குள் போகவில்லை என்பது வரைக்கும் சரி. அதைப் பிரித்து மறுபடியும் பயன்படுத்த முடியுமா என்று பரிசோதனைக்கூடத்து ஆட்கள், ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள், மகளின் பேராசிரியை என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். மாதிரி கொண்டு போயிருக்கிறார்கள்.

போன வருஷம் மூன்று சாக்கு. இந்த வருஷம் இரண்டரை. கணக்குப்பிள்ளை நேற்றும் வந்து கேட்டார், “போர்மேன் அண்ணாச்சி, இந்தச் சாக்குகள எந்தக் கணக்குல எழுத?” கையிருப்பு என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.